சிங்கப்பூர் தூரமா, துபாய் தூரமா?



தேவனாம்பட்டினத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்த நேரம். இரண்டு சகோதரிகளுக்குள் ஒரு வாக்குவாதம். ஒருவரின் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போகிறான். இன்னொருவரின் மருமகன் துபாயில் இருக்கிறார். "சிங்கப்பூர்தான் ரொம்ப தூரம். ராத்திரி 11:30க்கு ஏறினா காலையில 6:30க்குத்தான் இறங்கறான், ஏழு மணி நேரம்"னு முதல் சகோதரி சொன்னாங்க. "எங்க மாப்பிள்ளை விடியற்காலம் 4 மணிக்கு ஏறுறாரு, 6:45க்கெல்லாம் துபாய். மூணு மணி நேரம்கூட இல்ல"ன்னு அடுத்தவங்க. இரண்டு பேர் கையிலும் டிக்கெட் இருந்தது. இரண்டு டிக்கெட்டிலும் அச்சடித்த நேரம் சரிதான். ஆனா இரண்டு பேர் போட்ட கணக்கும் தப்பு.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் சுமார் 2,920 கிலோமீட்டர். துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. நடுவில் நாம். ஏறக்குறைய நம்ம வீட்டு வாசல் தராசு முள் மாதிரி நிற்கிறது. வித்தியாசம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், அதாவது கடலூர் ஓ.டி.யிலிருந்து பக்கத்து ஊருக்குப் போற தூரம்தான். பறக்கிற நேரமும் இரண்டுக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல், நாலரைக்குள்.

அப்புறம் ஏன் ஒரு டிக்கெட் ஏழு மணி நேரம் என்றும், இன்னொன்று மூணு மணி நேரம் என்றும் காட்டுது?

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. துபாய்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. எனவே சிங்கப்பூர் 6:30 என்றால் நமக்கு அதிகாலை 4 மணி. 11:30லிருந்து 4 வரை எண்ணுங்க, நாலரை மணி நேரம் வரும். துபாய் 6:45 என்றால் நமக்கு 8:15. 4 மணியிலிருந்து எண்ணினால் நாலே கால் மணி நேரம்.

பூமி 24 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி சுற்றுகிறது. அப்போ ஒரு மணிக்கு 15 டிகிரி. கிழக்கே இருக்கிற ஊருக்கு சூரியன் முதலில் வரும், மேற்கே இருக்கிற ஊருக்குப் பிறகு வரும். நம் நாட்டுக்கெல்லாம் சேர்த்து உத்தரப்பிரதேசம் மிர்சாப்பூர் பக்கமாகப் போகிற 82½ டிகிரிக் கோட்டை வைத்து ஒரே நேரம் வைத்திருக்கிறார்கள். சூரியனை மட்டும் பார்த்தால் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம் வரவே கூடாது, ஒன்றரை மணிதான் வரணும். மலேசியா முழுவதும் ஒரே நேரம் வைக்க முடிவு செய்தபோது, சிங்கப்பூரும் கூடச் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதனால்தான் அங்கே காலை 7 மணிக்குத்தான் வெளுக்கிறது. அங்கிருந்து பேசுகிற பிள்ளைகள் "இன்னும் இருட்டா இருக்கும்மா"ன்னு சொன்னா பொய் இல்லை.

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் போகிற ஊர்களின் கணக்கை மட்டும் சொல்கிறோம். சிங்கப்பூர், மலேசியா இரண்டும் நமக்கு இரண்டரை மணி முன்னே. துபாய், அபுதாபி, மஸ்கட் ஒன்றரை மணி பின்னே. குவைத், கத்தார், பஹ்ரைன், சவுதி இரண்டரை மணி பின்னே. இலங்கை நம்ம நேரமேதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்றோம்னா, ஒரு தாய் பட்ட பாட்டை நாங்க பார்த்தோம். மகன் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வருகிறான். "ராத்திரி 9 மணிக்கு ஃப்ளைட்டும்மா"ன்னு சொல்லியிருக்கான். இவர் நம்ம கடிகாரத்தில் எட்டரைக்கு, ஏறுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேசிடலாம்னு போன் போட்டிருக்கார். ஸ்விட்ச் ஆஃப். எட்டே முக்காலுக்குப் போட்டார், ஸ்விட்ச் ஆஃப். பத்து மணி வரைக்கும் தெருவே கூடிவிட்டது. அவன் சொன்ன 9 மணி சிங்கப்பூர் 9 மணி, நமக்கு மாலை 6:30. இவர் முதல் போன் போட்ட நேரத்துக்கு அவன் வங்காள விரிகுடாவுக்கு மேலே பாதி வழியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

தூரம் எப்படி அளக்கிறார்கள்?

பஸ்ஸில் போனால் கடலூரிலிருந்து சென்னை, புதுச்சேரி வழியாக 180 கிலோமீட்டருக்கு மேல். நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் நேர்கோடு போட்டால் நம்ம ஊரிலிருந்து மீனம்பாக்கம் 150 கிலோமீட்டருக்குள்தான். சாலை ஊர் ஊராக வளையும், ஆற்றைக் கடக்கப் பாலம் தேடும். ரயிலும் அப்படியே. சென்னையிலிருந்து டெல்லி ரயிலில் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். ஆகாய வழியில் 1,760தான். "காக்கா பறக்கிற தூரம்"னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது இதைத்தான்.

ஆனா இந்த நேர்கோட்டிலும் ஒரு விஷயம் இருக்கு. பூமி உருண்டை. சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கிற கோடு உண்மையான குறுக்கு வழி ஆகாது. வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருந்தால் எடுத்துக்கோங்க. வயிற்றுப் பகுதியில் இரண்டு சுண்ணாம்புப் பொட்டு வைத்து, நடுவில் நூலை இறுக்கிப் பிடியுங்க. நூல் எந்த வழியாகப் போகுதோ அதுதான் மிகக் குறைந்த தூரம். இரண்டு பொட்டும் குடத்தின் மேல்பக்கம், கழுத்துக்குக் கிட்டே எதிரெதிராக இருந்தால், நூல் பக்கவாட்டில் சுற்றிப் போகாது, கழுத்துப் பக்கம் ஏறி இறங்கும். டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ போகிற விமானத்துக்கு வடதுருவத்துப் பக்கமாகப் போவது குறுக்கு வழியாக இருப்பது இதனால்தான். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், சிங்கப்பூரோ கிட்டத்தட்ட அதன் மேலேயே இருக்கிறது. அதனால் நமக்கு வரைபடக் கோட்டுக்கும் நூல் கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு சகோதரிகளுக்கு இன்னொன்று சொன்னால் எளிதில் புரியும். வீட்டு ஆம்பிளைங்க ஜி.பி.எஸ். பெட்டியைப் பார்த்து "இத்தனை நாட்டிக்கல்"னு சொல்றாங்களே, ஆகாய விமானி கணக்குப் பார்ப்பதும் அதே கடல் மைலில்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். வடக்கு தெற்காக ஒரு டிகிரி போனால் 60 கடல் மைல். சென்னை சிங்கப்பூர் சுமார் 1,580 கடல் மைல் வரும். வேகத்தையும் 'நாட்' கணக்கில்தான் சொல்வார்கள். நம்ம ஃபைபர் படகு எட்டு நாட் வேகத்தில் போகுதுன்னு வைத்துக்கொண்டால், நிற்காமல் ஓடினாலும் சிங்கப்பூர் போக எட்டு நாளுக்கு மேல் ஆகும். ஜெட் விமானம் 450 நாட்டுக்கு மேல் போகும்.

கப்பலில் போன காலமும் நம்ம பெரியவங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் என்று 'ரஜூலா' ஓடியது. அதுக்கப்புறம் 1970களில் நம்ம பக்கத்து ஊர்ப் பெயரிலேயே 'சிதம்பரம்' என்ற கப்பல் வந்தது. போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும், அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாம் கூடவே போகும். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பல பேர் இறந்தார்கள். அதோடு அந்தப் பயணிகள் ஓட்டம் முடிந்தது. ஒரு வாரம் ஆன அதே தண்ணீரை இப்போது நாலரை மணி நேரத்தில் தாண்டுகிறோம்.

சென்னையில் கிளம்பும் சிங்கப்பூர் விமானத்தின் நேர்வழி வங்காள விரிகுடாவுக்கு மேலே தென்கிழக்காகப் போய், பெரிய நிக்கோபார் தீவின் பக்கம் கடந்து, சுமத்ராவின் வடமுனையைத் தொட்டாற்போல் மலாக்கா ஜலசந்திக்குள் இறங்கும். சுமத்ரா என்ற பேரைக் கேட்டாலே நம்ம கடற்கரையில் எல்லாருக்கும் ஒரு நாள் நினைவுக்கு வரும். 2004 டிசம்பர் 26 காலை 6:29க்கு அந்தக் கடலில் பூமி அதிர்ந்தது. அலை நம்ம கரைக்கு வர இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் ஆச்சு. ஆழ்கடலில் சுனாமி அலை மணிக்கு 700 கிலோமீட்டர் போல ஓடும், ஜெட் விமானத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. "அவ்வளவு தூரத்துல நடந்தது எப்படி அன்னைக்குக் காலையிலேயே வந்துச்சு"ன்னு இன்னமும் கேட்கிற சகோதரிகள் இருக்காங்க. அதுக்கு இதுதான் பதில்.

நேரத்தை நாமே கணக்குப் போடலாம்

பெரிய ஜெட் விமானம் மேலே போய் நிலையான பிறகு மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர் போகும். ஆனால் முழு வழியும் அந்த வேகம் கிடையாது. ஓடுதளம் வரை பஸ் மாதிரி ஊர்ந்து போகணும், வரிசையில் காத்திருக்கணும், மேலே ஏறணும், இறங்கும்போது வேகம் குறைக்கணும். டிக்கெட்டில் போடுவது சக்கரம் அசைந்த நேரத்திலிருந்து மறுபடி நின்ற நேரம் வரை. எனவே தூரத்தை 850ஆல் வகுத்து, அதோடு 40 நிமிடம் சேர்த்தால் ஏறக்குறைய சரியாக வரும்.

டெல்லிக்குப் போட்டுப் பாருங்க. 1,760ஐ 850ஆல் வகுத்தால் இரண்டு மணி ஐந்து நிமிடம். நாற்பது சேர்த்தால் இரண்டே முக்கால் மணி. குவைத் சுமார் 3,780 கிலோமீட்டர், கணக்குப்படி ஐந்து மணியும் சில நிமிடமும். கோலாலம்பூர் சுமார் 2,630, நாலு மணிக்குள். கொழும்பு 650 கிலோமீட்டர்தான். பறக்கிறது முக்கால் மணி, ஏறி இறங்குறதுக்கே அதே அளவு போல ஆகிவிடும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சென்னையைவிடத் திருச்சி கிட்டே. ஆகாயத்தில் அறுபது கிலோமீட்டர் கூடுவது நாலு நிமிடம். ரோட்டில் மிச்சமாவது ஒரு மணிக்கு மேல். டிக்கெட் எடுக்கும்போது இதையும் கேட்டுப் பார்க்கணும்.

போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்காது. துபாய் போக நாலே கால் என்றால், வர நாலு மணியோ அதற்கும் கொஞ்சம் குறைவோ ஆகும். காரணம் காற்று. எதிர்காற்றில் படகு ஓட்டினால் டீசல் கூடக் குடிக்கும், நேரமும் ஆகும் என்பது நம்ம வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலும் அதே கதை. நமக்கு வடக்கே அந்த உயரத்தில், முக்கியமாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசும். கிழக்கே வருகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். தென்னிந்தியாவுக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை இது தலைகீழாகி, உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக்காற்று வீசும். கீழே கச்சான் அடிக்கிற அதே மாதங்களில் மேலே அதற்கு நேர் எதிர்! இதைக் கண்டு எழுதியவர் கோடீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி, 1958இல்.

காற்றின் பலம் எவ்வளவு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு முதலில் மேற்கே அட்லாண்டிக் பக்கமாகத்தான் பறந்தது. அது சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள், 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடிய பிறகும் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து, பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முழு வழியும் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். தூரம் கூடினால் நேரம் கூடியே ஆகணும் என்பது ஆகாயத்தில் செல்லாது.

ராத்திரி பன்னிரண்டு மணி

இனி சொல்லப் போவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில், ஒரு சகோதரி மகனின் பயணத்துக்காகக் குழுவில் உள்கடன் வாங்கினார். டிக்கெட் மட்டும் 18,000 ரூபாய். டிக்கெட்டில் 18ஆம் தேதி, 00:45 என்று இருந்தது. 18ஆம் தேதி ராத்திரி என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று காலையில் கோயிலுக்குப் போய், மதியம் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் வேன் பிடித்து ராத்திரி ஒன்பதரைக்கு விமான நிலையத்தில் இறங்கினார்கள். வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர், "இது நேத்து ராத்திரி போயிடுச்சே தம்பி"ன்னு சொல்லியிருக்கார். 00:45 என்றால் 18ஆம் தேதி பிறந்து முக்கால் மணி நேரம். அதாவது 17ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருந்திருக்கணும். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. டிக்கெட் காசு திரும்பவில்லை. புது டிக்கெட்டுக்கு நகை அடகுக்குப் போச்சு. இரண்டு கடனையும் சேர்த்து அடைக்க ஒன்றரை வருஷம். அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குழுவில் கடன் கொடுத்த நாங்களும் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு இன்னமும் உண்டு.

வளைகுடா விமானங்களிலும் சிங்கப்பூர் விமானங்களிலும் பல நடுராத்திரிக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. நேரம் 00, 01, 02 என்று ஆரம்பித்தால் அது முந்தின நாள் ராத்திரி பயணம். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று சின்னதாக இருந்தால், மறுநாள் இறங்குகிறார் என்று அர்த்தம். வெளிநாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்டரைப் பெரும்பாலும் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னால் போயிடணும். ஆக, 00:45 விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரி 9:45க்கு மீனம்பாக்கம். கடலூரில் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் போக்குவரத்து நெரிசலிலும் மனசு நிம்மதியாக இருக்கும். விமானம் நாலரை மணி நேரம். அதற்கு முன்னால் நமக்கு பஸ்ஸும் காத்திருப்பும் சேர்ந்து பத்து மணி நேரம்!

ஏமாற்றுகிற இடம் இன்னொன்றும் இருக்கு. "சிங்கப்பூர் தூரம் ஜாஸ்தி, அதனால டிக்கெட் ஜாஸ்தி"ன்னு சொல்லிக் கூடுதலாக வாங்கிய தரகரைப் பற்றி ஒரு குழுவில் சொன்னார்கள். விமானக் கட்டணம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பஸ் மாதிரி இல்லை. சீட்டு எத்தனை காலியாக இருக்கு, பண்டிகை நாளா, எத்தனை நாள் முன்னால் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அன்றன்றைக்கு மாறும். விலையை விமானக் கம்பெனியின் பக்கத்திலேயே செல்போனில் பார்க்கலாம், படித்த பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதேபோல, டிக்கெட்டில் மொத்த நேரம் 11, 12 மணி என்று வந்தால் அது நேர் விமானம் இல்லை. நடுவில் கொழும்பிலோ மும்பையிலோ இறங்கி வேறு விமானம் மாறணும். விலை குறைவாக இருக்கும், தப்பில்லை. ஆனால் "நேரா போகும்"னு சொல்லி இதைக் கொடுத்தால், முதல் தடவை போகிற பிள்ளை நடுவழியில் திண்டாடும். எல்லா நேரத்தையும் நம்ம நேரத்துக்கு மாற்றிக் கழித்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

ஒரு பழக்கக் கணக்கு. சென்னையில் காலை 6 மணி, குவைத்தில் காலை 8:35 என்று ஒரு டிக்கெட் இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். குவைத் நமக்கு இரண்டரை மணி பின்னே. 8:35ஓடு இரண்டரை சேர்த்தால் நம்ம நேரம் 11:05. 6லிருந்து 11:05 வரை ஐந்து மணி ஐந்து நிமிடம். மேலே தூரத்தை வைத்துப் போட்ட கணக்கும் அதேதான் வந்தது, அப்போ இது நேர் விமானம். இதையே இறங்கும் நேரம் மாலை 3 மணி என்று போட்டிருந்தால் எங்கேயோ நிற்கிறது என்று அர்த்தம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு யார் வீட்டில் டிக்கெட் இருந்தாலும் எடுத்து வாருங்கள், பழைய டிக்கெட்டானாலும் சரி. ஊக்குநர் கணக்குப் போட்டுக் காட்டுவார். பயணத்துக்காகக் கடன் கேட்கிற மனுவோடு, கிளம்ப வேண்டிய நாளையும் நேரத்தையும் எழுதித் தீர்மான நோட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று இரண்டு குழுக்கள் முடிவெடுத்திருக்கின்றன.

18ஆம் தேதி ஏமாந்த அந்தச் சகோதரியின் மகன் அப்புறம் ஒரு முறை லீவில் வந்து திரும்பினான். டிக்கெட்டில் 00:50 என்று இருந்தது. முந்தின நாள் காலை பதினோரு மணிக்கே சோறு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். "அவ்வளவு நேரம் அங்க உக்காந்து என்னம்மா பண்றது"ன்னு அவன் கேட்டதுக்கு, "உக்காந்துக்கோ"ன்னு மட்டும் சொன்னாராம்.